இயற்கையில் கிடைப்பதை ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி இது: "ஒரு செடியிலிருந்து எடுத்த வேதிப்பொருளைச் சற்றே மாற்றியமைத்ததும் புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் திறன் பல மடங்கு கூடியது என்று படித்தேன். இயற்கையாகவே இருப்பதை ஏன் மாற்ற வேண்டும்? அந்தச் செடியையே சாறாகவோ பொடியாகவோ சாப்பிட்டால் ஆகாதா? இதெல்லாம் எப்போது மருந்தாகக் கைக்கு வரும்? என் அக்காவுக்குக் கீமோ நடந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்."

மூன்று கேள்விகளில் நடுவில் இருப்பதுதான் உங்களுக்கு அவசரம் என்று புரிகிறது. முதல் கேள்வியைச் சரியாகப் பார்த்துவிட்டால் அதற்கும் விடை கிடைத்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து வேதியியல் ஆய்வகத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். எனக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

நித்தியகல்யாணியிலிருந்து ஆரம்பிக்கலாம். 1950களில் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் இந்தச் செடியைக் கையில் எடுத்தபோது அவர்கள் மனதில் புற்றுநோயே இல்லை. ஜமைக்காவில் இதன் இலையைக் கொதிக்கவைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அது உண்மைதானா என்று பார்க்க நினைத்தார்கள். எலிகளுக்கு வாய்வழியாகப் புகட்டினார்கள். சர்க்கரை அளவில் சொல்லும்படியாக எந்த மாற்றமும் இல்லை. அதே சாற்றை ஊசி மூலம் ஏற்றியதும் எலிகள் சில நாட்களில் உடம்பெல்லாம் சீழ்க்கட்டியோடு செத்தன. காரணத்தைத் தேடிப் போனால், இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை பாழாகியிருந்தது. வழக்கமாக உடம்பு எளிதில் சமாளித்துவிடும் கிருமிகளே எலிகளைக் கொன்றிருந்தன. வெள்ளை அணுக்களை இப்படி ஒடுக்கும் பொருள், அவை கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. 1958இல் வின்பிளாஸ்டின் வெளிச்சத்துக்கு வந்தது. எலை லில்லி நிறுவனம் அதே செடியிலிருந்து பிரித்த வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963இல் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் இன்றுவரை அதை விட்டால் ஆகாது.

ஒரே சாறு, வாய்வழியாகப் போனபோது ஒன்றும் செய்யவில்லை, ஊசியில் போனபோது உயிரையே எடுத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் மிகப் பெரிய மூலக்கூறுகள். இரண்டையும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே நேரமாகும். ஒரேயொரு நைட்ரஜனில் மெத்தில் தொகுதி (சில அணுக்களின் சிறு கூட்டம்) இருந்தால் வின்பிளாஸ்டின், அதே இடத்தில் ஃபார்மைல் தொகுதி இருந்தால் வின்கிரிஸ்டின், அவ்வளவுதான். ஆனால் உடம்புக்குள் போனதும் வழிகள் பிரிந்துவிடுகின்றன. வின்பிளாஸ்டின் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். வின்கிரிஸ்டின் மஜ்ஜையை ஓரளவு விட்டுவிட்டு நரம்புகளைப் பிடிக்கும், கை கால் விரல்கள் மரத்துப்போகும். குணமாகும் நோய்களும் வேறு வேறு. ஒரு கார்பனைச் சுற்றி நடந்த சிறு மாற்றம் நோயாளியின் அனுபவத்தையே மாற்றிவிடுகிறது. மூலக்கூறுகளை மாற்றிப் பார்க்கும் வேலையில் ஆட்கள் ஆயுள் முழுக்கச் செலவிடுவதற்குக் காரணம் இதுதான்.

அந்த மாற்றத்தைச் செடியே செய்துவைத்திருந்தது. மனிதர்கள் செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எட்டோபோசைடு என்ற புற்றுநோய் மருந்தின் கதை.

இமயமலையிலும் வட அமெரிக்காவிலும் வளரும் பொடோஃபில்லம் என்ற செடியின் வேரில் பொடோஃபில்லோடாக்சின் இருக்கிறது. பெயரிலேயே நஞ்சு இருக்கிறது. அந்தப் பிசினை மருக்கள் மேல் தடவினால் அவை உதிரும் என்பது 1940களிலேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுப்பதற்கு நுண்குழல்கள் என்ற மெல்லிய இழைகள் உருவாகும். பொடோஃபில்லோடாக்சின் அந்த இழைகள் உருவாகவே விடாது. புற்றுநோய்க்கு நல்ல ஆயுதம் மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் உள்ளுக்குக் கொடுத்தால் குடலும் மற்ற உறுப்புகளும் தாங்காது. மருவுக்கு மேல்பூச்சாக வைத்துக்கொள்ளலாமே தவிர, அதற்கு மேல் போக முடியவில்லை.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் நிறுவனத்தில் ஆல்பர்ட் வான் வார்ட்பர்க் என்ற வேதியியலாளரும் ஹார்ட்மன் ஷ்டெஹெலின் என்ற மருந்தியலாளரும் இதை விடவில்லை. அந்த நிறுவனத்துக்கு டிஜிடாலிஸ் போன்ற, சர்க்கரை இணைந்த தாவர மருந்துகளில் பழக்கம் இருந்தது. பொடோஃபில்லத்திலும் சர்க்கரை இணைந்த வடிவங்கள் இருக்கும் என்று தேடி எடுத்து, பென்சால்டிஹைடோடு வினைபுரிய வைத்து ஒரு கலவையைத் தயாரித்தார்கள். இங்கேதான் ஒரு புதிர். கலவை எலிகளின் இரத்தப் புற்றுநோயில் ஓரளவு வேலை செய்தது. ஆனால் அதிலிருந்த தெரிந்த பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தால், அந்த அளவு வேலையை எதுவும் காட்டவில்லை. அப்படியானால் கலவையில் பெயர் தெரியாத ஏதோ ஒன்று மிகச் சிறிய அளவில் ஒளிந்திருக்க வேண்டும். வருடக் கணக்கில் தேடிக் கண்டுபிடித்தார்கள். நான்காம் கார்பனில் இருக்கும் ஆக்சிஜன் வழக்கமான பக்கத்தை விட்டு எதிர்ப் பக்கம் திரும்பியிருந்தது, தொங்கும் வளையத்தில் ஒரு மெத்தில் குறைந்திருந்தது. அந்தச் சுவட்டைப் பிடித்துக்கொண்டு ஆய்வகத்தில் புதிதாகக் கட்டியவைதான் டெனிபோசைடும், 1966இல் வந்த எட்டோபோசைடும்.

என்ன மாறியது என்றால், வேலை செய்யும் விதமே மாறிவிட்டது. எட்டோபோசைடு நுண்குழல்களைத் தொடுவதே இல்லை. டிஎன்ஏ இழைகளின் முறுக்கைத் தளர்த்துவதற்காக அவற்றை வெட்டி மறுபடி ஒட்டும் ஒரு என்சைம் உண்டு, டோபோஐசோமரேஸ்-2 என்று பெயர். அது வெட்டிய பிறகு ஒட்டவிடாமல் எட்டோபோசைடு நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. வெட்டுகள் சேரச் சேரச் செல் சாகிறது. இது 1980களில்தான் தெரிந்தது. அமெரிக்காவில் 1983இல் அனுமதி கிடைத்தது. விந்தகப் புற்றுநோயைப் பரவிய நிலையிலும் பெரும்பாலோருக்குக் குணப்படுத்தும் கூட்டுச் சிகிச்சையில் இன்று இதற்கு முக்கியமான இடம். வேரில் இருந்த பொருளை எவ்வளவு கவனமாக அளந்து கொடுத்திருந்தாலும் இது நடந்திருக்காது. மருந்து வேரிலிருந்து வந்தது என்று சொல்வது பாதி உண்மைதான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. டிஎன்ஏவில் வெட்டு விழ வைக்கும் இந்த மருந்தே, சிலருக்குச் சில வருடங்கள் கழித்து இரண்டாவதாக ஓர் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். அரிதுதான், ஆனாலும் மருத்துவர்கள் அளவையும் சுற்றுகளையும் எண்ணி எண்ணிக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாற்றாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் காம்ப்டோதெசினே சாட்சி. சீனாவில் ஆனந்த மரம் என்ற பொருளில் அழைக்கப்படும் மரத்திலிருந்து மன்ரோ வாலும் மன்சுக் வானியும் அமெரிக்காவில் இதைப் பிரித்து 1966இல் அமைப்பை வெளியிட்டார்கள். 1972இல் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் என். விஸ்வநாதனும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வேறொரு மரத்திலும் அது நிறைய இருப்பதைக் காட்டினார்கள். எலிகளில் நல்ல பலன், ஆனால் தண்ணீரில் கரையாது. அதன் ஒரு முனையில் லாக்டோன் என்ற வளையம் இருக்கிறது. காரத்தில் அந்த வளையம் திறந்து உப்பாகிவிடும், உப்பு கரையும். சரி, உப்பாகவே கொடுத்துவிடலாம் என்று 1970களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள்.

வளையம் மூடியிருந்தால்தான் அது மருந்து, திறந்துவிட்டால் பலன் பெரும்பாலும் போய்விடும். அது அன்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. செலுத்திய உப்பு சிறுநீரகம் வழியாகச் சிறுநீர்ப்பைக்குப் போனது. சிறுநீர் அமிலத்தன்மை கொண்டது. அங்கே வளையம் மறுபடி மூடிக்கொண்டு, வேண்டாத இடத்தில் மருந்து உயிர்பெற்றது. சிறுநீரில் இரத்தம் வந்தது, மஜ்ஜை ஒடுங்கியது, கட்டிகள் பெரிதாகச் சுருங்கவும் இல்லை. சோதனைகளை நிறுத்திவிட்டார்கள்.

1985இல் இது டோபோஐசோமரேஸ்-1 என்ற என்சைமைப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. இந்த முறை மூலக்கூறைத் திருத்தினார்கள். வளையத்தைத் திறக்காமலேயே தண்ணீரில் கரைவதற்காக மறுமுனையில் அமீன் தொகுதிகளைச் சேர்த்தார்கள். அப்படி வந்தவை டோபோடெகானும் இரினோடெகானும். இரண்டுக்கும் 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஜப்பானில் இரினோடெகான் 1994லேயே வந்துவிட்டது. இரினோடெகான் தன்னளவில் வலுவில்லாதது. உடம்புக்குள் என்சைம்கள் அதன் வால் பகுதியை வெட்டிய பிறகு கிடைக்கும் எஸ்என்-38 தான் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் வீரியம் கொண்ட உண்மையான மருந்து. பூட்டி அனுப்பி, உள்ளே போய்த் திறக்கும் ஏற்பாடு.

அதிலும் சிக்கல் இருக்கிறது. கல்லீரல் எஸ்என்-38 மேல் ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டிச் செயலிழக்க வைத்துப் பித்தத்தில் தள்ளிவிடும். குடலுக்கு வந்ததும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரை அமிலத்தைக் கழற்றிவிடும். விடுபட்ட எஸ்என்-38 குடல் சுவரைப் புண்ணாக்கும். இந்த மருந்தில் கடுமையான வயிற்றுப்போக்கு வருவது இதனால்தான். யுஜிடி1ஏ1 என்ற மரபணு சிலருக்குப் பிறவியிலேயே மந்தமாக இருக்கும். அவர்களுக்கு அந்த ஒட்டும் வேலை சரியாக நடக்காது, வழக்கமான அளவே அதிகமாகிவிடும். மூலக்கூறை எவ்வளவு திருத்தினாலும் ஒவ்வொரு உடம்பும் அதை வேறு மாதிரித்தான் கையாளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

பாக்லிடாக்செல் என்றும் சொல்லப்படும் புற்றுநோய் மருந்தான டாக்ஸாலின் கதை பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே மாற்றம் தேவைப்பட்டதற்கு முதல் காரணம் பஞ்சம். பசிபிக் யூ மரத்தின் பட்டையில் மிகக் கொஞ்சமாகத்தான் அது இருக்கிறது, பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். பிரான்சில் பியர் போட்டியேயின் குழு, ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் அதன் அரைகுறை வடிவம் தாராளமாக இருப்பதைக் கண்டது. இலை மறுபடி தளிர்க்கும். அந்த அரைகுறை மூலக்கூறில் பக்கச்சங்கிலியை ஒட்டினால் மருந்து தயார். அந்த வேலையின் நடுவே பிறந்ததுதான் டோசிடாக்செல். பிறகு 2010இல் வந்த கபாசிடாக்செலில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகளுக்கு மெத்தில் தொப்பி போட்டார்கள். புற்றுநோய்ச் செல்கள் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புக்கு அந்தத் தொப்பி போட்ட வடிவம் எளிதில் பிடிபடாது. அதனால் டோசிடாக்செல் கைவிட்ட பிராஸ்டேட் புற்றுநோய்க்கும் அதைக் கொடுத்துப் பார்க்க முடிந்தது.

இனி நீங்கள் படித்த செய்திக்கு வருகிறேன். "செல்களைக் கொல்லும் திறன் பல மடங்கு" என்ற வரி எங்கே பிறக்கிறது தெரியுமா? உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் இளஞ்சிவப்பு ஊட்டக் கரைசலில் சில ஆயிரம் புற்றுநோய்ச் செல்கள். சோதிக்கும் பொருளைக் குழிக்குக் குழி அளவைக் கூட்டிச் சேர்ப்போம். மூன்று நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை விடுவோம். உயிரோடிருக்கும் செல் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றும். ஊதா குறைந்த குழியில் செல்கள் செத்துவிட்டன என்று கருவி எண்ணாகச் சொல்லும்.

ஆய்வுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு வழிப்பொருள் (ஒரு மூலக்கூறைச் சற்றே மாற்றிச் செய்த பொருள்) இதில் அழகான எண்களைக் கொடுத்தது. அளவு கூடக் கூட ஊதா குறைந்துகொண்டே போனது. மூன்று மாத வேலை பலித்துவிட்டது என்று நினைத்தேன். என் வழிகாட்டி எண்களைப் பார்த்துவிட்டு, "தட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன். குழியின் அடியில் ஊசி ஊசியாகப் படிகங்கள், செல்களின் மேல் முள் விரித்தது போல. பொருள் கரையவே இல்லை. சேர்த்த மறுநிமிடமே படிந்து செல்களை மூடியிருக்கிறது. செல்கள் செத்தது உண்மை, ஆனால் அதற்கு என் மூலக்கூறின் மருத்துவக் குணம் காரணமில்லை. அன்றிலிருந்து எண்ணைப் பார்க்கும் முன் தட்டைப் பார்க்கிறேன்.

மஞ்சளில் இருக்கும் குர்குமின் விஷயத்தில் இதே பாடம் பெரிய அளவில் நடந்தது. தட்டில் அது கிட்டத்தட்ட எல்லாப் புற்றுநோயையும் கொல்கிறது. ஆனால் அது தானே நிறமுள்ளது, ஒளிரக்கூடியது, கண்ட புரதத்தோடும் ஒட்டக்கூடியது. அதனால் சோதனையையே ஏமாற்றிவிடும். இரத்தத்தின் பிஎச் அளவில் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்குகிறது. ஓர் ஆய்வில் நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் வரை வாய்வழியாகக் கொடுத்தும் இரத்தத்தில் உச்ச அளவு சராசரியாக 2 மைக்ரோமோலாரைக்கூடத் (இது அடர்த்தியை அளக்கும் அலகு) தொடவில்லை. தட்டில் கொல்வதற்குப் பெரும்பாலும் அதைப்போல் பல மடங்கு தேவைப்படுகிறது. குர்குமினின் வேதி அமைப்பை மாற்றி நிலையாக்கப் பலர் முயல்கிறார்கள், அது நியாயமான முயற்சிதான். ஆனால் அதிலிருந்து புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து எதுவும் இதுவரை வரவில்லை.

ஆகவே அந்தச் செய்தியை மறுபடி எடுத்து, செல்களைக் கொல்ல எவ்வளவு அடர்த்தி தேவைப்பட்டது என்று பாருங்கள். பாக்லிடாக்செல் நானோமோலார் அளவில், அதாவது மைக்ரோமோலாரின் ஆயிரத்தில் சில பங்கில், வேலை செய்யும். 50 மைக்ரோமோலார், 100 மைக்ரோமோலார் என்று இருந்தால் வெகுதூரம் போக வேண்டும். "பல மடங்கு கூடியது" என்றால் எதைவிட என்றும் பாருங்கள். மிகவும் பலவீனமான ஒன்றைவிடப் பத்து மடங்கு மேல் என்றாலும் அது இன்னும் பலவீனமாகவே இருக்கலாம். ஆரோக்கியமான செல்களையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்களா, எலிவரை போனதா என்பதும் முக்கியம். எலியும்கூடக் கடைசி வார்த்தை இல்லை. நம் இரத்தத்தின் அல்புமின் புரதம் காம்ப்டோதெசினின் திறந்த வடிவத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, எலியின் அல்புமின் அப்படிச் செய்வதில்லை. எலிகளில் கண்ட பலன் மனிதர்களில் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எப்போது மருந்தாக வரும் என்று கேட்டீர்கள். காம்ப்டோதெசினுக்கு அமைப்பு தெரிந்ததிலிருந்து அனுமதிவரை 30 வருடங்கள். எட்டோபோசைடுக்கு ஆய்வகத்தில் கட்டியதிலிருந்து 17. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960க்குப் பிறகு இருபது வருடங்களில் ஏறத்தாழ 35,000 தாவர மாதிரிகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாறுகளைச் சோதித்தது. அதிலிருந்து மருத்துவமனைவரை பெரிதாக வந்து சேர்ந்தவை டாக்ஸாலும் காம்ப்டோதெசின் வகையும்தான். தட்டில் வென்ற மூலக்கூறுகளில் ஆகப் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடும். அக்காவின் சிகிச்சையை அந்தச் செய்தியை நம்பித் தள்ளிப்போடவோ குறைக்கவோ வேண்டாம்.

இதில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமில்லை. எனக்கு உண்மையிலேயே உற்சாகம் தருவது கடந்த சில வருடங்களில் நடப்பதுதான். எத்தியோப்பியச் செடி ஒன்றிலிருந்து 1972இல் மோரிஸ் குப்சன் பிரித்த மேடான்சின், மனிதர்களுக்குத் தாங்காத நஞ்சு என்று ஒதுக்கப்பட்டது. அதன் திருத்திய வடிவத்தை, மார்பகப் புற்றுநோய்ச் செல்களின் மேல் இருக்கும் ஹெர்2 புரதத்தைத் தேடிப் போகும் ஆன்டிபாடியில் கட்டி 2013இல் மருந்தாக்கிவிட்டார்கள். காம்ப்டோதெசின் வகையிலும் அதே வழி. எக்ஸாடெகானின் வழிப்பொருளைச் சுமக்கும் ட்ராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் 2019இல் வந்தது. எஸ்என்-38ஐச் சுமக்கும் சாசிடுசுமாப் கோவிடெகான் 2020இல், வேறு வழி அதிகம் இல்லாத ஒரு வகை மார்பகப் புற்றுநோய்க்கு வந்தது. 1970களில் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கிய அதே குடும்பத்து மூலக்கூறு இன்று கட்டியின் வாசல்வரை பூட்டிய பெட்டியில் போகிறது. பக்கவிளைவுகள் இதிலும் உண்டு. அக்காவுக்கு இவை பொருந்துமா என்பது கட்டியின் வகையையும் அதில் எந்தப் புரதங்கள் இருக்கின்றன என்பதையும் பொறுத்தது. பயாப்சி அறிக்கையை வைத்துக்கொண்டு அவருடைய புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.

கடைசியாக, செடியையே சாப்பிடலாமா என்பது. நோபிளின் எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வின்கிரிஸ்டினைப் பெரியவர்களுக்கு ஒரு தடவையில் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. நித்தியகல்யாணியின் பல நூறு கிலோ காய்ந்த இலையிலிருந்து கிராம் கணக்கில் மட்டுமே கிடைக்கிற ஒன்றை அவ்வளவு நுட்பமாக அளந்து கொடுக்கிறார்கள். கையளவு இலையில் அது இருக்கும் அளவும் சொற்பம், கூடவே வரும் மற்ற ஆல்கலாய்டுகளின் (செடியில் இருக்கும் வீரியமான வேதிப்பொருள்கள்) அளவும் யாருக்கும் தெரியாது. பலன் கிடைக்காது, நஞ்சு மட்டும் சேரலாம்.

கீமோ நடக்கும்போது அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. மன அழுத்தத்துக்காகப் பலர் சாதுவான மூலிகை என்று நினைத்துச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை இரினோடெகானோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், நோயாளிகளின் இரத்தத்தில் எஸ்என்-38 அளவு 42 சதவீதம் குறைந்தது. மருந்தை உடைக்கும் கல்லீரல் என்சைம்களை அந்த மூலிகை முடுக்கிவிட்டதுதான் காரணம். நோயாளிக்கு வெளியே எதுவும் தெரியாது. கீமோ ஏறிக்கொண்டுதான் இருக்கும், உள்ளே மருந்தின் அளவு குறைந்திருக்கும். அக்கா இப்போது ஏதாவது பொடியோ மாத்திரையோ சாறோ எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த சுற்றுக்குப் போகும்போது அந்த டப்பாவையே எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது லேபிளில்தான் இருக்கும்.